பதினாலாம் வார்டுக்குக் குரல் கொடுத்தவள்

டிசம்பர் 19, வியாழன்

மொச்சை, நேற்று உனக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்தது. உன் மாமா காலை பஸ்ஸுக்கே ஊருக்குப் போய்விட்டார். பந்தல்காரன் வந்து நாற்காலிகளை அடுக்கி எடுத்துப்போனான். இத்தனை நாளும் வீட்டில் யாராவது ஒருவர் இருந்துகொண்டே இருந்தார்கள். இப்போது நான் மட்டும்தான்.

உன்னிடம் வாய்விட்டுப் பேசினால் பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது. "யாருகிட்ட பேசுற சுருளி?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து கேட்டுவிட்டார்கள். வெட்கமாகப் போய்விட்டது. அதனால் எழுதுகிறேன். மருந்துக் கடையில் உனக்குக் கொடுத்த டைரி இது. நாலு பக்கத்தில் கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்த்திருக்கிறாய். மீதி எல்லாம் வெள்ளை. அஞ்சாவது வரைக்கும் படித்த எழுத்து. கோணல்மாணலாகத்தான் வரும். பொறுத்துக்கொள்.

தமயந்தி என்று பேர் வைத்தது உன் அப்பா. அவர் போனபிறகும் அந்தப் பேர் எனக்கு வாயில் வரவில்லை. பிறந்தபோது உன் கண் இரண்டும் ஊறவைத்த மொச்சைக்கொட்டை மாதிரி இருந்தது. அதையே கூப்பிட்டுப் பழகிவிட்டது. வேலையிடத்தில் அப்படிக் கூப்பிட்டால் முறைப்பாய்.

நாளைக்கு நான் வேலைக்குப் போகவேண்டும்.

டிசம்பர் 20, வெள்ளி

ஐந்தரைக்கு, துப்புரவு ஆட்களுக்கு ஆஜர் எடுக்கிற மஸ்டர் கொட்டகைக்குப் போய்விட்டேன். என்னைப் பார்த்ததும் எல்லாரும் வழிவிட்டு ஒதுங்கினார்கள். சாக்கடை வேலை பார்க்கிற ஜக்கம்மாக்கா மட்டும் பக்கத்தில் வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

வழக்கம்போல மேஸ்திரி வீரபத்திரன் செல்போனை மேசைமேல் வைத்துவிட்டுப் பேர் கூப்பிட்டார். முன்னே இருந்த கமிஷனர் போட்டுவிட்டுப் போன உத்தரவு அது. ஒவ்வொரு பேரையும் உரக்கக் கூப்பிட வேண்டும். "இருக்கேங்க" என்று குரல் வந்தால்தான் டிக் போட வேண்டும். அதை அப்படியே பதிவு பண்ணி ஆபீஸ் வாட்ஸ்ஆப்புக்கு அனுப்ப வேண்டும். வராத ஆட்களை வந்ததாக எழுதுவதை நிறுத்தத்தான் அந்த உத்தரவு.

உன் பேர் வரும் இடத்தில் அவர் நிறுத்தினார். செல்போனை அணைத்துவிட்டு என்னை வெளியே கூப்பிட்டார்.

"இத்தன நாளும் ஒன் மகளுக்கு லீவுன்னு போட்டு வச்சிருக்கேன் சுருளி. இப்ப நீதான் சொல்லணும். பேர எடுத்துரட்டுமா, இருக்கட்டுமா?"

பேரை எடுப்பது என்றால் என்னவென்று உனக்குத் தெரியும். சிவப்பு மையில் ஸ்கேல் வைத்து ஒரே கோடு.

"இருக்கட்டும் மேஸ்திரி" என்றேன்.

நல்ல மனுசன் என்று நினைத்தேன். மனம் தாங்க மாட்டாள், கொஞ்ச நாள் போகட்டும் என்று கேட்கிறார் என்றுதான் நினைத்தேன்.

டிசம்பர் 21, சனி

"தமயந்தி" என்று கூப்பிட்டார். செல்போன் ஓடிக்கொண்டிருந்தது. மறுபடி கூப்பிட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"இருக்கேங்க" என்றேன்.

டிசம்பர் 23, திங்கள்

ஜக்கம்மாக்கா வீட்டுக்கு வந்து புளிக்குழம்பு கொடுத்தாள். உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை.

"இருவத்தோரு நாளைக்குள்ள பதியணும்டி. நாளையோட முடியுது. சுடுகாட்டுச் சீட்டு இருக்குல்ல?"

"இருக்குக்கா."

"அப்பறம் எதுக்கு ஒக்காந்திருக்க? சாவு சர்டிபிகேட்டு இருந்தாத்தான் நாங்க போயி வாயத் தெறக்க முடியும். பூட்ஸ் இல்லாம, கையொற இல்லாம, சாக்கடைக்குள்ள எறக்கி விட்டீங்க, எலிக்காய்ச்சல்ல போயிட்டா ஒருத்தின்னு சொல்லணும்ல. வெறும் வாயில சொன்னா எவன் கேப்பான்?"

மீன் மார்க்கெட் பக்கத்துப் பெரிய சாக்கடை மழையில் அடைத்துக்கொண்டது. நவம்பர் கடைசி. உன் முழங்காலுக்குக் கீழே சின்னக் கீறல் இருந்தது. மஞ்சள் வைத்துவிட்டேன், போதும் என்று நினைத்தேன். ஐந்தாம் நாள் கண் மஞ்சளாகிவிட்டது. கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் எலிக்காய்ச்சல், மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆட்டோவில் என் மடியில் தலை வைத்திருந்தாய். பாதி வழியில் ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை ஓரம் கட்டினார். மதுரை போய்ச் சேர்ந்திருந்தால் ஆஸ்பத்திரியிலேயே எழுதிக்கொண்டிருப்பார்கள். வழியிலேயே போனதால் நான்தான் போய்ச் சொல்ல வேண்டும்.

போகிறேன் என்று ஜக்கம்மாக்காவிடம் சொன்னேன்.

டிசம்பர் 24, செவ்வாய்

பிறப்பு இறப்பு ஜன்னலுக்குப் போனேன். கூட்டமாக இருந்தது. திரும்பிவிட்டேன்.

இல்லை. உன்னிடம் எதற்குப் பொய். எனக்கு முன்னால் இரண்டே பேர். ஒருவர் குழந்தை பிறந்ததைப் பதிய வந்திருந்தார், கையில் மிட்டாய் டப்பா. எனக்கும் ஒன்று நீட்டினார். வாங்கி வாயில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

ஜன்னலில் சீட்டைக் கொடுத்தால் நாளைக் காலையில் உன் பேரைக் கூப்பிட மாட்டார்கள்.

ஜனவரி 4, சனி

தண்ணீர் வரவில்லை. லாரியில் நாலு குடம் பிடித்தேன். உன் போர்வையைத் துவைக்கலாம் என்று எடுத்தேன். மடித்துத் திரும்ப வைத்தேன்.

ஜனவரி 7, செவ்வாய்

இன்று மேஸ்திரி ஒரு கவர் கொடுத்தார்.

"என்ன மேஸ்திரி இது?"

"ஒன் மக சம்பளத்துல ஒன் பங்கு. மிச்சம் மேல போகணும். எனக்குன்னு நெனச்சுக்காத. சானிட்டரி இன்ஸ்பெக்டர் ஐயா, ஆபீஸ் கிளார்க்கு, அதுக்கும் மேல. நான் வெறும் தபால்காரன்."

உன் ஏடிஎம் கார்டு அவரிடம்தான் இருக்கிறது. எல்லார் கார்டும் அவரிடம்தானே இருக்கிறது.

அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒண்ணு பாத்துக்க. செத்த ஆளு முப்பது நாளும் வேலைக்கு வந்தா சந்தேகம் வரும். மாசம் ரெண்டு நாள் லீவு போட்டுரலாம். எந்த நாளுன்னு நீயே சொல்லு."

மூணாம் தேதி என்றேன். நீ போன தேதி. இன்னொன்று அமாவாசை. சொன்னபிறகுதான் என்ன காரியத்துக்கு நாள் குறித்துக் கொடுக்கிறேன் என்று உறைத்தது. இவர் அன்றைக்கு இரக்கப்பட்டுக் கேட்கவில்லை, விலை கேட்டிருக்கிறார். அப்போதாவது கவரைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். இடுப்பில் செருகிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத சங்கதி இல்லை இது. பதினாலாம் வார்டுக்கு மஸ்டரில் இருபத்திரண்டு பேர். உன்னையும் சேர்த்து வேலை செய்தது பதின்மூன்று. மற்ற ஒன்பதும் காத்தாளு. நீயும் அந்த வார்த்தையைச் சொல்லிச் சிரித்திருக்கிறாய், சம்பளம் வாங்கும் காத்து என்று. கைரேகை மிஷின் வந்த மூன்றாம் மாதமே கெட்டுப்போனது. பேருக்குக் குரல் வந்தால் போதும். எங்களில் சிலபேர் எங்கள் பேரோடு இன்னொரு பேருக்கும் குரல் கொடுப்போம். கொடுப்பவர்களுக்கு லேசான வேலை.

எனக்குக் கிழக்கு வீதி பெருக்குகிற வேலை கிடைத்தது எப்படி என்று நீ ஒருநாள் கேட்டாய். முழங்கால் வலி என்று மேஸ்திரியிடம் சொன்னேன், இரக்கப்பட்டார் என்றேன்.

வெள்ளையம்மாள் என்ற பேருக்கு மூன்று வருசமாக நான் குரல் கொடுக்கிறேன் மொச்சை. கொட்டகையில் நீ முன்வரிசையில் நிற்பாய். நான் கடைசியில் தூணுக்குப் பின்னால் போய், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, கிழவி மாதிரி சொல்வேன்.

ஜனவரி 17, வெள்ளி

பொங்கல் குப்பை. தெருவுக்குத் தெரு கரும்புச் சக்கை, உடைந்த பானை, மாட்டுக்குக் கட்டிய மாலை. எத்தனை வண்டி அள்ளினாலும் தீரவில்லை. சாக்கடைப் பக்கம் ஜக்கம்மாக்காவும் இன்னும் இரண்டு பேரும் மட்டும். நவம்பரில் உன்னையும் இறக்கிவிட்ட அன்று நாலு பேர்.

டீ குடிக்கும்போது அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. எதிரே உட்கார்ந்தாள். காலில் பாலிதீன் பையைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். அதுதான் அவளுக்குப் பூட்ஸ்.

"சுருளி, பதிஞ்சிட்டியா?"

"இன்னும் இல்லக்கா. மேஸ்திரி பாத்துக்கிறேன்னாரு."

"அவரு பாத்துக்குவாரு. நல்லாப் பாத்துக்குவாரு." டீயை ஒரே மடக்கில் குடித்தாள். "தெனமும் ஒன் மக பேருக்குக் குரல் வருது. நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். அவ கை எங்கடி? எனக்கு மண்வெட்டி பிடிக்கக் கை வேணும். குரல வச்சு நான் என்ன செய்ய?"

மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்கும் சிரிக்கிற மாதிரி முகம் போனது. அந்த முகத்தை வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

ஜனவரி 18, சனி

இன்றும் சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் உன்னை மாதிரி இழுத்துச் சொல்கிறேன். ஒரு விநாடி நீ முன்வரிசையில் நிற்கிற மாதிரி இருக்கிறது. காசுக்காகச் செய்கிறேன் என்றாவது எழுதிவிடலாம். அதுவும் முழு உண்மை இல்லை.

பிப்ரவரி 10, திங்கள்

வியாழக்கிழமை ஆள் எண்ண வருகிறார்களாம். ஜில்லா ஆபீஸிலிருந்து ஒரு அம்மா வருகிறாராம். மேஸ்திரி முகம் வெளுத்துவிட்டது. இன்ஸ்பெக்டர் ஐயா கொட்டகைக்கே வந்து கத்தினார்.

"மஸ்டர்ல இருவத்திரெண்டு இருக்குன்னா தரையில இருவத்திரெண்டு நிக்கணும். எங்க இருந்து கொண்டு வருவியோ எனக்குத் தெரியாது."

மேஸ்திரி பஸ் ஸ்டாண்டிலும் கல்யாண மண்டபத்திலும் ஆள் பிடிக்கிறார். ஒரு நாள் கூலியும் பிரியாணியும். ஒன்பது காத்தோடு நீயும் சேர்ந்து பத்து. பத்துப் பேருக்கும் உடம்பு வேண்டும்.

"ஒன் மகளுக்கு ஒரு நல்ல புள்ளையாப் பாத்திருக்கேன்" என்றார் என்னிடம். மாப்பிள்ளை பார்த்த மாதிரி சொன்னார்.

பிப்ரவரி 12, புதன்

மத்தியானம் அந்தப் பெண் வீட்டுக்கே வந்தாள். ரோஸ்லின் என்று பேர். கல்யாணப் பந்தியில் பரிமாறுகிற வேலையாம். உன் வயசு. உன்னைவிட ஒரு பிடி உயரம். செருப்பைக் கழற்றுவதற்குள் பேச ஆரம்பித்துவிட்டாள்.

"யக்கா, எனக்கு இதெல்லாம் புதுசு இல்ல. ஒரு கல்யாணத்துல பொண்ணு வீட்டுல ஆளு கொறச்சலா இருக்குன்னு என்னைய அத்தை மகளா நிக்க வச்சாங்க. ஜாக்கெட்டு மட்டும் அவங்களே குடுத்தாங்க. போட்டோ ஆல்பத்துல நான்தான் முன்னாடி நிக்கிறேன்."

நான் தண்ணீர் கொடுத்தேன்.

"சரி சொல்லுங்க. நான் யாரு?"

"தமயந்தி."

"என்ன வயசு? எங்க படிச்சேன்? கேப்பாங்கள்ல."

சொன்னேன். ரெண்டாயிரத்து ஒண்ணு, ஆகஸ்டு பதினொண்ணு. நகராட்சிப் பெண்கள் பள்ளிக்கூடம். பன்னிரண்டாவதில் கணக்கில் பெயில். அதற்குப்பிறகு ஜவுளிக்கடையில் எட்டு மாதம், நிற்க முடியவில்லை என்று என்னோடு இந்த வேலைக்கு வந்தது. அவள் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு என்ன பிடிக்கும்க்கா?"

"அதெல்லாம் கேக்க மாட்டாங்க."

"சும்மா சொல்லுங்க. ஆளு மனசுல நிக்கணும்ல."

கத்தரிக்காய் பிடிக்காது, நாக்கு அரிக்கும் என்றேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால்தான் வருவாய் என்றேன். இடி இடித்தால் இந்த வயசிலும் என் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, கேட்டால் கொசு என்பாய், அதையும் சொன்னேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். நானும் சிரித்தேன். நீ போனபிறகு யாரும் என்னிடம் உன்னைப் பற்றி இவ்வளவு கேட்கவில்லை. சாயங்காலம் ஆகிவிட்டது. அவளுக்குச் சோறு போட்டேன்.

கை கழுவிவிட்டு வந்து கேட்டாள். "நெசத் தமயந்தி எங்கக்கா இருக்கு இப்ப? திருப்பூரா?"

"ஆமா" என்றேன்.

"போன் பண்ணுதா?"

"எப்பவாச்சும்."

"பண்ணும்க்கா. வேலைக்குப் போன எடத்துல நேரம் கெடைக்காது." வாசலில் நின்று திரும்பினாள். "நாளைக்கு ஒங்கள அம்மான்னுதான் கூப்பிடணும். இப்பவே பழகிக்கிறேன். வரட்டுமாம்மா?"

நான் "வா" என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 13, வியாழன்

இருபத்திரண்டு பேரும் நின்றோம். புதிதாக வந்தவர்களுக்குப் பெட்டியிலிருந்து புதுக் கோட்டு, புதுக் கையுறை, புதுப் பூட்ஸ். மூன்று வருசமாக ஸ்டாக் இல்லை என்று சொன்ன சாமான் அவ்வளவும் வெளியே வந்தது. ஜக்கம்மாக்கா தன் பாலிதீன் காலோடு அவர்கள் பக்கத்தில் நின்றாள். மேஸ்திரி அவளைப் பின்வரிசைக்குத் தள்ளினார்.

அந்த அம்மா நாற்பது வயசு இருக்கும். பருத்திச் சேலை. அதட்டவில்லை. ஒவ்வொருவராகக் கூப்பிட்டு நாலு கேள்வி கேட்டு எழுதிக்கொண்டார். வெள்ளையம்மாளாக வந்தவள் பஸ் ஸ்டாண்டில் கொய்யாப்பழம் விற்கிற பாட்டி. கேள்வி கேட்கும்முன்னே "இருக்கேங்க, இருக்கேங்க" என்றாள்.

"தமயந்தி."

ரோஸ்லின் முன்னால் போனாள். பிறந்த தேதி சொன்னாள். பள்ளிக்கூடம் சொன்னாள். ஒரு தப்பும் இல்லை. அந்த அம்மா பேனாவை வைத்துவிட்டு அவளை நன்றாகப் பார்த்தார்.

"வேலையில ஏதாவது குறை இருக்காம்மா? பயப்படாம சொல்லலாம்."

"ஒரு கொறையும் இல்லீங்க மேடம். மேஸ்திரி எங்களுக்கு அப்பா மாதிரி."

"எழுதிக் குடுக்கணும்னாலும் குடுக்கலாம்."

"எனக்கு எழுதல்லாம் வராதுங்க மேடம். கையெழுத்து மட்டும் போடுவேன்."

அதை நான் சொல்லிக்கொடுக்க மறந்துவிட்டேன். உன் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று டீச்சர் சொன்னதை விட்டுவிட்டேன். பன்னிரண்டாவது வரை படித்தவளுக்கு எழுத வராதா என்று அந்த அம்மா கேட்பார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. ரோஸ்லினை விட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"இவங்க உங்க மகளா?"

ஜக்கம்மாக்கா பின்வரிசையிலிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரோஸ்லின் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு நடிப்பு. கை மட்டும் சூடாக இருந்தது.

"ஆமாங்க" என்றேன்.

பிப்ரவரி 14, வெள்ளி

மீந்த பிரியாணியை மேஸ்திரி எனக்குக் கொடுத்துவிட்டார். தின்றேன்.

பிப்ரவரி 19, புதன்

கூடுதல் ஆள் வேண்டும் என்று ஜக்கம்மாக்கா கொடுத்திருந்த மனு திரும்பி வந்துவிட்டது. வார்டில் போதுமான ஆட்கள் இருப்பதாக ஆய்வில் தெரிகிறது என்று எழுதியிருக்கிறதாம். அவளுக்குப் படிக்கத் தெரியாது. என்னிடம்தான் நீட்டினாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்துக் காட்டினேன்.

"இன்னொருக்காப் படி" என்றாள்.

படித்தேன்.

பிப்ரவரி 24, திங்கள்

ஜக்கம்மாக்காவுக்குக் காய்ச்சல். மூன்று நாளாக. கண் மஞ்சளாகியிருந்தது. நானே ஆட்டோ பிடித்துக் கவர்மெண்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். அதே வார்டு. உனக்கு ஊசி போட்ட நர்ஸ்தான் இருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொண்டு, "பொண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

சீக்கிரம் வந்ததால் பிழைத்துக்கொள்வாள் என்றார்கள். பாட்டில் ஏறிக்கொண்டிருந்தது. ஜக்கம்மாக்கா சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு பேசினாள்.

"சாக்கடைக்கு மஸ்டர்ல அஞ்சு பேரு. தெரியுமா ஒனக்கு? நாங்க மூணு பேரு, அப்பறம் வெள்ளையம்மா, இன்னொரு காத்தாளு. ஒன் மக பேரு குப்ப வண்டியிலதான் இருந்துச்சு. அன்னைக்கு ஆளு பத்தலன்னு மேஸ்திரி வண்டியில இருந்த புள்ளைய எறக்கி விட்டாரு. வெள்ளையம்மா எங்கன்னு நான் கேட்டேன். வந்திருக்காளே, குரல் குடுத்தாளேன்னாரு."

நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வெள்ளையம்மான்னு நெசமா ஒருத்தி இருந்திருந்தா ஒன் மக அதுக்குள்ள எறங்கியிருக்க மாட்டா" என்றாள். அவளுக்கு அந்தக் குரல் யாருடையது என்று தெரியுமா, தெரியாதா? நான் கேட்கவில்லை. கஞ்சி வாங்கி வருகிறேன் என்று வெளியே வந்துவிட்டேன்.

பிப்ரவரி 25, செவ்வாய்

காலில் சுளுக்கு என்று சொல்லி வேலைக்குப் போகவில்லை. காலில் ஒன்றும் இல்லை.

மார்ச் 3, திங்கள்

ஜில்லா ஆபீஸிலிருந்து எனக்கு மட்டும் ஆள் வந்தது. மேஸ்திரிக்குத் தெரிய வேண்டாம் என்றார்கள். மாடியில் சின்ன அறை. அந்த அம்மா தனியாக இருந்தார். எனக்கு நாற்காலி போட்டார். நான் உட்காரவில்லை. அவரே எழுந்து நின்றுகொண்டார். அதனால் உட்கார்ந்தேன்.

கம்ப்யூட்டரில் ஏதோ தட்டினார். மேஸ்திரி குரல் வந்தது. நம் கொட்டகை. நவம்பர் பதினைந்தாம் தேதிப் பதிவு என்றார். வரிசையாகப் பேர்கள் வந்தன. "தமயந்தி" என்றார் மேஸ்திரி.

"இருக்கேங்க."

நீ. தூக்கம் கலையாத குரல். கடைசியில் கொஞ்சம் இழுப்பு. நான் இரண்டரை மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது உன்னை மாதிரியே இல்லை.

அடுத்து ஜனவரிப் பதிவைப் போட்டார். அதில் உன் பேருக்கு என் குரல். அதையும் கேட்டேன்.

"ரெண்டும் ஒரே ஆள் இல்லைன்னு காதுக்கே தெரியுது" என்றார். "அன்னைக்கு வந்து நின்ன பொண்ணும் இல்லை. உங்க மகளுக்கு எழுத வராதாம்மா?"

நான் பதில் சொல்லும்முன் ஒரு காகிதத்தை என் முன்னால் வைத்தார்.

உன் கையெழுத்து. முத்து முத்தாக. நவம்பர் பதினெட்டு, திங்கள்கிழமை, குறைதீர்க்கும் நாளில் கொடுத்த மனு. தையல் கிளாஸில் சேர விசாரிக்கப் போகிறேன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போன நாள். பதினாலாம் வார்டில் வேலைக்கே வராத ஆட்கள் பேரில் சம்பளம் எடுக்கிறார்கள், அந்த வேலையையும் இருப்பவர்கள்தான் செய்கிறோம், வந்து எண்ணிப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறாய். என் பேரை வெளியில் சொல்ல வேண்டாம், என் அம்மாவும் அங்கே வேலை செய்கிறார்கள் என்று எழுதியிருக்கிறாய்.

"இந்தப் பொண்ணத் தேடித்தாம்மா நான் வந்தேன்" என்றார். "வேற காரணம் சொல்லித்தான் வந்தேன், காட்டிக் கொடுத்துடக் கூடாதேன்னு. அவ வாயத் திறக்கறதுக்கு எவ்வளவு வழி விட்டேன் தெரியுமா? ஒரு குறையும் இல்லைன்னு சொல்லிட்டுப் போயிட்டா. யாரும்மா அது?"

நீ கூப்பிட்ட ஆள் வந்தார் மொச்சை. மூன்று மாதம் கழித்து வந்தார். வந்தவர் முன்னால், உன் பேரைச் சொல்லிக்கொண்டு ஒருத்தியை நிறுத்தி, ஒரு குறையும் இல்லை என்று சொல்லவைத்தது நான். உன் பிறந்த தேதியை மனப்பாடம் பண்ணிக் கொடுத்து அனுப்பினது நான்.

"தமயந்தி எங்கம்மா?"

"செத்துப் போயிருச்சுங்க" என்றேன். இந்தத் தொண்ணூறு நாளில் அதை வாயால் சொன்னது இதுதான் முதல் தடவை. அவர் தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். டிசம்பர் மூணு, எலிக்காய்ச்சல், சாக்கடை, கவர், ஏடிஎம் கார்டு, ரோஸ்லின், எல்லாம் சொன்னேன்.

கடைசியில் மனுவின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பினார். காத்தாளுகள் பேர். நம்பர் போட்டு, எந்த வேலைக்கு என்று பக்கத்தில் குறித்து எழுதியிருந்தாய்.

"இதுல எட்டு இருக்கு. உங்க மக சேராம, இவ்வளவுதானா?"

விரல் வைத்து ஒவ்வொன்றாகப் படித்தேன். திரும்ப ஒருமுறை மேலேயிருந்து படித்தேன்.

"இவ்வளவுதாங்க" என்றேன்.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கொட்டகைக்குப் போகவில்லை. சுடுகாட்டுச் சீட்டை எடுத்துக்கொண்டு முதலில் பிறப்பு இறப்பு ஜன்னலுக்குப் போனேன். தாமதத்துக்கு விண்ணப்பம், அபராதம், உறுதிமொழிக் காகிதம் என்று மூன்று இடத்துக்கு அலையவிட்டார்கள். இறந்தவர் பேர் என்று ஒரு கட்டம். எழுதித் தரவா என்று பக்கத்தில் ஒருவர் கேட்டார். வேண்டாம் என்று நானே எழுதினேன். தமயந்தி. எழுதி முடிக்க நேரமாயிற்று.

அங்கிருந்து ஜில்லா ஆபீஸுக்கு. அந்த அம்மா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். வாசலில் நின்றேன். கை கழுவிவிட்டு வந்தார்.

"நேத்து ஒண்ணு சொல்லாம போயிட்டேங்க. எட்டு இல்லீங்க, ஒம்பது. வெள்ளையம்மான்னு ஒரு பேரு. சாக்கடை வேலையில இருக்கு. அப்படி ஒரு ஆளு கெடையாது."

எழுதிக்கொண்டே கேட்டார். "அந்தப் பேருக்கு யாரு குரல் குடுக்கறது?"

"நாந்தாங்க. மூணு வருசமா."

பேனா நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி எழுதினார். "உங்க வேலை போயிடும்மா. கேஸ்ல உங்க பேரும் வரும். தெரிஞ்சுதான் சொல்றீங்களா?"

"தெரியுங்க."

படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன்.

ஜக்கம்மாக்காவைப் பார்க்கப் போனேன். எழுந்து உட்கார்ந்து இட்லி தின்றுகொண்டிருந்தாள். அவளிடமும் சொன்னேன். தின்பதை நிறுத்தவில்லை. தட்டை வைத்துவிட்டு, "தெரியும்டி" என்றாள். "அந்தக் கொட்டகையில தெரியாதவுக யாரு?"

அதைக் கேட்டதிலிருந்து நான் நானாக இல்லை. வீட்டுக்கு எப்படி நடந்து வந்தேன் என்று தெரியவில்லை.

மஸ்டரில் உன் பேர் முடிந்ததும் வெள்ளையம்மாள் பேர். நீ "இருக்கேங்க" என்று சொல்லி வாயை மூடுவதற்குள் உன் முதுகுக்குப் பின்னாலிருந்து வரும் குரல் அது. தினமும் காலையில் நீ கேட்ட குரல். எந்தப் பேர் மறந்தாலும் உனக்கு அந்தப் பேர் மறந்திருக்காது. தூரத்தில் நிற்கிறவர்களுடைய காத்தாளுகளை எல்லாம் நம்பர் போட்டு எழுதியிருக்கிறாய். அந்த மனுவைக் கொடுத்துப் பத்து நாளில், வெள்ளையம்மாள் இறங்க வேண்டிய சாக்கடையில் உன்னை இறக்கினார்கள். ஏன் நான் என்று ஒரு வார்த்தை கேட்காமல் இறங்கினாய் என்று ஜக்கம்மாக்கா சொல்கிறாள்.

எட்டுப் பேரை எழுதின கை, பக்கத்திலேயே இருந்த அந்த ஒரு பேரை மட்டும் ஏன் எழுதவில்லை மொச்சை?